திருகோணமலையில் சாப்பாட்டுக் கடை திறக்கிறீர்களா? பொலித்தீனைத் தவிர்க்கும் வழி

திருகோணமலையில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்க வருகிறவர்கள் வாடகை, மின்சாரம், சமையற்காரர் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகுதான், சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். "பாவிக்கலாமா, கூடாதா? எதிர்க் கடையில் பாவிக்கிறார்களே?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பொலித்தீனை விடுவதற்கு வேண்டியது முதலில் கழுவுவதற்கு ஓர் இடம். அந்த இடம் இல்லாத கட்டடத்தை எடுத்துவிட்டால், பிறகு எத்தனை விதமான மாற்றுப் பொருட்களை வாங்கிக் குவித்தாலும் மூன்றாம் மாதம் லஞ்ச் சீட் கட்டு மேசைக்குக் கீழே வந்துவிடும்.

நகரத்துச் சோற்றுக் கடை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதி, மாலையில் மட்டும் திறக்கும் கொத்துக் கடை ஆகிய மூன்றையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விதிகள் நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றைச் செய்து காட்டும் வழியை மட்டும் இந்த ஊரின் காற்றையும் தண்ணீரையும் வாடிக்கையாளரையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதற்படி: எது தடை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தடைகள் ஒரே நாளில் வரவில்லை. தவணை தவணையாக வந்ததால் கடைக்காரர்கள் பலருக்குக் கடைசியாகக் காதில் விழுந்தது மட்டுமே நினைவில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

2017 செப்டெம்பர் 1 முதல், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பொலித்தீன் லஞ்ச் சீட், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி, ரெஜிபோம் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு), ரெஜிபோம் குவளை ஆகியன தடை செய்யப்பட்டன. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனும் (அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு), கையில் எடுத்தால் சரசரவென்று சத்தமிடும் உயர் அடர்த்திப் பொலித்தீன் சொப்பிங் பேக்கும் அதே விதிகளில் அடங்கும். பொது நிகழ்வுகளைப் பொலித்தீனால் அலங்கரிப்பதும், பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் குற்றமாக்கப்பட்டன.

2021 மார்ச் 31 முதல் 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சஷே பக்கற்றுகளுக்குத் தடை வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. ஆகவே தக்காளிச் சோஸ் பக்கற்று இந்தத் தடைக்குள் வராது. விடுதிக் குளியலறையில் வைக்கும் ஷாம்பூ பக்கற்று வரும்.

2023 ஒக்டோபர் 1 முதல், ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கலக்கும் குச்சி, கோப்பை, குவளை, கரண்டி, முட்கரண்டி, கத்தி, யோகட் கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு ஆகியன தடை. யோகட் அடைத்து வரும் குவளைக்கு மட்டும் விலக்கு.

2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் பணிப்புரை இது. பையின் விலையைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும், பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும்.

2017 விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. தொகையைப் பார்த்து "இவ்வளவுதானே" என்று நினைக்க வேண்டாம். உங்கள் வியாபார அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் புதுப்பிக்கப்பட வேண்டியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் சமையலறைக்குள் எந்த நாளும் வரக்கூடியவர். எதிர்க் கடைக்காரரும் பாவிக்கிறார் என்ற நியாயம் அவர் முன் நிற்காது.

இரண்டாம் படி: கழுவும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டடத்தை எடுங்கள்

எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு பழக்கம் வேரூன்றிப் போயிருக்கிறது. நல்ல கோப்பையை எடுப்பார்கள். அதன் மேல் ஒரு பொலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை அடியில் மடித்துவிட்டு, சோற்றைப் போடுவார்கள். சாப்பிட்டு எழுந்ததும் தாளை மிச்சச் சோற்றோடு சுருட்டி வாளியில் எறிந்துவிட்டு, அடுத்த தாளை விரிப்பார்கள். கோப்பை நாள் முழுவதும் கழுவப்படாமலே பந்தி நடக்கும். வாடிக்கையாளருக்கு இது சுத்தமாகத் தோன்றுகிறது. உண்மையில் நடப்பது, சுடுசோறும் எண்ணெய்க் கறியும் மெல்லிய பிளாஸ்டிக்கோடு உரசிக் கிடப்பதுதான். சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கிலுள்ள சேர்மானங்கள் உணவுக்குள் இறங்குவது கூடுகிறது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. கடையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு குழாய், அதற்குக் கீழே ஒரே ஒரு தொட்டி. மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் எல்லோரும் ஒன்றாக வந்து உட்காரும்போது அந்தக் குழாயடியில் கோப்பை கழுவி முடியாது. கடைக்காரர் தாளை விரிக்கிறார்.

ஆகவே கட்டடம் பார்க்கப் போகும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று தொட்டிகளை வரிசையாக வைக்க இடம் வேண்டும்: சவர்க்காரம் போட்டுத் தேய்க்க ஒன்று, அலச ஒன்று, கொதிநீரில் முக்கி எடுக்க ஒன்று. அவற்றுக்கு முன்னால் மிச்சச் சோற்றை வழித்துப் போட ஒரு வாளி. பின்னால் கோப்பைகளைச் செங்குத்தாக நிறுத்திக் காயவிடக் கம்பித் தட்டு. துணியால் துடைத்தால் கழுவியது வீண். கழிவுநீர் போகும் வழியில் எண்ணெய் பிரிக்கும் குழி ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும், அயலவரும் முறைப்பாடு செய்வார்கள்.

எத்தனை கோப்பை வாங்குவது? இருக்கைகளின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு வாங்குங்கள். ஒரு பங்கு மேசையில், ஒரு பங்கு தொட்டியில், ஒரு பங்கு காயும் தட்டில் இருக்கும். மெலமைன் கோப்பையை விட எவர்சில்வர் நல்லது. மெலமைன் கீறல் விழுந்து மஞ்சள் கறை ஏறிவிட்டால், எவ்வளவு கழுவினாலும் வாடிக்கையாளர் கண்ணுக்கு அழுக்காகத் தெரியும். அவரே தாள் விரிக்கச் சொல்லுவார். கடற்கரையோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் கண்ணாடிக் குவளையில் வெள்ளைப் படிவு விழும். அங்கும் எவர்சில்வர் குவளையே கைகொடுக்கும்.

கழுவுவதற்கென்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கும். தாள், குவளை, கரண்டி வாங்கும் மாதச் செலவை ஒரு தாளில் எழுதி, அவருடைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னக் கடையில் சம்பளம் கொஞ்சம் கூடத்தான் வரும். அந்த வித்தியாசத்தை முதல் நாளே விலைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஏற்றினால் மனத்தாங்கல் வரும்.

மூன்றாம் படி: பார்சல்

கடையில் இருந்து சாப்பிடுகிறவருக்குக் கோப்பை போதும். சட்டத்தோடு உண்மையில் மோதுவது பார்சல்தான், அதிலும் சோறு அல்ல, குழம்பு.

சோற்றுக்கு வாழையிலை இருக்கிறது. பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, தணலுக்கு மேலே மெதுவாக இழுங்கள். இலையின் வெளிர்ப்பச்சை கருக்கத் தொடங்கி, மேற்புறத்தில் எண்ணெய் பூசியது போல ஒரு மினுமினுப்பு ஓடும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் ஓரம் பொரிந்து நொறுங்கிவிடும். பதமாக வாட்டிய இலை துணியைப் போல மடியும். சோற்றைப் போட்டு நான்கு பக்கமும் மடித்து, வெளியே அச்சில்லாத பழுப்புத் தாள் சுற்றி நூலால் கட்டுங்கள். பழைய பத்திரிகைத் தாள் வேண்டாம். அச்சு மை சூட்டில் உணவில் ஒட்டும்.

இலை எல்லா மாதமும் ஒரே மாதிரிக் கிடைக்காது. இதைத்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. சுற்றுலாப் பயணிகள் கூடும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் கச்சான் காற்று அடிக்கிறது. வரண்ட, சூடான காற்று. திறந்த வெளியில் நிற்கும் வாழையின் இலைகளை நாராகக் கிழித்துவிடும். உங்களுக்கு இலை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் முழு இலைக்குத் தட்டுப்பாடு. ஆகவே இலை கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய தோட்டம் காற்றுக்கு மறைவாக, தென்னைக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒருவரை மட்டும் நம்பாமல் இருவரோடு பேசி வையுங்கள். குளங்களில் தண்ணீர் நிற்கும் காலத்தில் தாமரை இலையும் நல்ல துணை. எங்கள் பக்கத்தில் அதில் சோறு கட்டிக் கொடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கமுகம் பாளைத் தட்டு உறுதியானது, விலை கூடியது; விடுதிக் கடற்கரை விருந்துக்குப் பொருந்தும், தினப்படி பார்சலுக்குக் கட்டுப்படியாகாது.

இனிச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. சின்னப் பொலித்தீன் பையில் ஊற்றி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்துக்கு இலையால் மாற்றில்லை. பாத்திரம் ஒன்றுதான் மாற்று. இதை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக ஒழுங்காகும்.

உங்கள் பார்சல் வாடிக்கையாளர்களில் பெரும் பங்கு தினமும் வருகிற அதே முகங்கள்தான்: கச்சேரி (மாவட்டச் செயலகம்), வைத்தியசாலை, வங்கி, பாடசாலை ஊழியர்கள். அவர்களுக்கு இரண்டு தொகுதிச் சாப்பாட்டுக் கரியர் முறையைத் தொடங்குங்கள். ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். இன்று நிறைந்தது போகும், நேற்றையது வெறுமையாகத் திரும்பி வரும். கரியரின் விலைக்குச் சமமான தொகையை வைப்பாக வாங்கிக்கொண்டு, நிறுத்தும்போது திருப்பிக் கொடுங்கள். வைப்பு வாங்கக் கூச்சப்பட்டால் கரியர் திரும்பாது.

தற்செயலாக வருகிறவர் சொந்தப் பாத்திரம் கொண்டு வந்தால் விலையில் சிறிது குறையுங்கள். அந்தக் குறைப்பை வாசலிலேயே எழுதிப் போடுங்கள். பணியாளர்கள் சிலருக்கு இது பிடிக்காது. பாத்திரம் பெரிதாக இருந்தால் கூட ஊற்ற வேண்டியிருக்குமே என்பார்கள். ஒரே அகப்பையால் அளந்து ஊற்றினால் அந்தத் தகராறு வராது. அகப்பை வாடிக்கையாளரின் பாத்திரத்தைத் தொடக் கூடாது. சற்று உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். சுத்தத்துக்கு அவ்வளவும் போதும்.

பாத்திரமில்லாமல் வந்தவரிடம், "அண்ணா, சொதி ஊற்றப் போத்தல் இருக்கிறது, வைப்பு வைத்துவிட்டுக் கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்கள் ஒரு பெட்டி வாங்கி வைத்தால் பல மாதம் ஓடும். வேண்டாம் என்றால் சொதிக்குப் பதிலாகப் பருப்பும் சம்பலும் கூடக் கொடுங்கள். கெட்டியான கறி இலைக்குள் நிற்கும். தயிருக்கு வழி தேட வேண்டியதே இல்லை. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் மண் சட்டியிலேயே வருகிறது. பிளாஸ்டிக் குவளையில் வாங்கிப் பரிமாறுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

நான்காம் படி: இடியப்பத் தட்டு

2023 தடையில் பலர் கவனிக்காமல் விட்டது இதைத்தான். காலையில் ஆவியில் நூற்றுக்கணக்கில் அவியும் நிறப் பிளாஸ்டிக் தட்டுகள் இப்போது பட்டியலில் இருக்கின்றன. பனை ஈர்க்கில் பின்னிய தட்டோ எவர்சில்வர் துளைத் தட்டோ வாங்குங்கள். ஈர்க்குத் தட்டில் மா ஒட்டாமல் இருக்க, பிழிவதற்கு முன் தண்ணீரில் நனைத்து உதறிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு அடுக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நாளொன்றுக்கு வேண்டியதைப் போல இரு மடங்கு வைத்திருந்தால் மாறி மாறிக் காயவிடலாம்.

ஐந்தாம் படி: குடிவகை

தேநீர், கோப்பிக்கு எவர்சில்வரோ கண்ணாடியோ. எடுத்துச் செல்பவருக்கு அவருடைய போத்தல். உறிஞ்சுகுழலை மேசையில் வைக்கவே வேண்டாம். கேட்பவருக்குத் தாள் குழல் ஒன்று கொடுங்கள். இளநீரை வாய் வைத்துக் குடிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு குடிப்பார்.

தண்ணீர்ப் போத்தலுக்குத் தடையில்லை. ஆனால் விடுதி நடத்துகிறவர்கள் இதில் மனம் வைத்தால் பெரிய குப்பையைக் குறைக்கலாம். வடிகட்டிய நீரைப் பெரிய கொள்கலனில் வைத்து, நிரப்பிக்கொள்ள விடுங்கள். புறாமலைக்குப் படகேறும் பயணி காலையில் உங்கள் வாசலில் போத்தலை நிரப்பிக்கொண்டு போனால், அந்தத் தீவின் பவளப்பாறைகளுக்கு நடுவே ஒரு வெற்றுப் போத்தல் குறைவாக மிதக்கும்.

ஆறாம் படி: "மக்கும்" என்று விற்கப்படுவதைக் கவனமாக வாங்குங்கள்

லஞ்ச் சீட்டைப் போலவே தோன்றும் தாள்களை "உக்கக்கூடியது" என்று சொல்லி மொத்தக் கடையில் விற்பார்கள். உக்கக்கூடிய மூலப்பொருளில் செய்த தாளுக்கு அனுமதி உண்டு. அது உண்மையிலேயே அந்த வகைதானா என்பதுதான் கேள்வி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி விபரத்தைக் கேளுங்கள். பொருளின் பெயரும் தடிப்பும் எழுதிய பற்றுச்சீட்டில்லாமல் ஒரு கட்டுக்கூட வாங்காதீர்கள். பரிசோதனை வரும்போது உங்களைக் காப்பது அந்தச் சீட்டுத்தான். "பொலித்தீன்தான், ஆனால் வெயிலில் தானாக உடைந்துவிடும்" என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அது உடைந்து நுண்ணிய பிளாஸ்டிக்காகச் சிதறும், இல்லாமல் போகாது. உண்மையாக உக்கும் தாளுக்கும் பசளைக் குவியலின் சூடும் ஈரமும் வேண்டும். கடலில் விழுந்தால் அதுவும் நெடுநாள் கிடக்கும். தாள் குவளையின் உட்புறத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: குப்பை

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மகிழ்ந்து படம் எடுக்கிறார்கள். அந்த மான்கள் சாப்பாட்டுக் கடைகளின் குப்பைப் பைகளைக் கிளறுவதை நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். சோறு ஒட்டிய பொலித்தீனுக்கு உணவின் வாசனைதான் இருக்கிறது. மான் அதைத் தாளோடு விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது சமிபாடாமல், வெளியேறாமல் தங்கிச் சேரும். வயிறு நிறைந்திருக்க உடல் மெலிந்து விலங்கு சாகும். இதே கிழக்கு மாகாணத்தில், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகளுக்கு நேர்ந்ததும் அதுதான். மான் சாகும்போது அது எந்தக் கடையின் தாள் என்று யாரும் தேடப்போவதில்லை. உங்கள் கடையினதாக அது இருக்கக் கூடாது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூடி இறுகும் வாளிகள் மூன்று வையுங்கள்: மிச்சச் சாப்பாட்டுக்கும் இலைக்கும் ஒன்று, போத்தலுக்கும் தகரத்துக்கும் ஒன்று, மற்றதற்கு ஒன்று. குப்பை எடுக்கும் வண்டி வரும் நேரத்தை உள்ளூராட்சி மன்றத்தில் கேட்டறிந்து, அதற்குச் சற்று முன்னர்தான் வெளியே வைக்க வேண்டும். முதல் நாள் இரவே வாசலில் வைத்துவிட்டுப் போவது மான்களுக்கும் மாடுகளுக்கும் நாய்களுக்கும் பந்தி வைப்பதாகும். விறகடுப்புப் பற்றவைக்கப் பொலித்தீன் துண்டைக் கொளுத்தும் பழக்கத்தைச் சமையற்காரரிடம் முதல் நாளே நிறுத்துங்கள். அந்தப் புகை நீங்கள் சமைக்கும் உணவிலேயே படிகிறது, சட்டப்படியும் குற்றம். தேங்காய்ப்பன்னாடை போதும்.

எட்டாம் படி: அறிவித்தலும் வெளி ஓடர்களும்

வாசலில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே பலகை: லஞ்ச் சீட் இல்லை, பாத்திரம் கொண்டு வந்தால் விலை குறைவு, பையின் விலை இவ்வளவு. இரண்டு வரிக்கு மேல் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். துணிப்பை தைத்துக் கொடுக்கும் பெண்கள் சங்கம் எதுவும் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் வாங்கி வைத்து விற்கலாம்.

கோவில் அன்னதானம், கல்யாணம், அந்தியேட்டி ஓடர்கள் வரும்போது, "கழுவ ஆளில்லை, எறியும் கோப்பை தாருங்கள்" என்பார்கள். வாழையிலையில் பந்தி வைத்தால் கோப்பை கழுவ ஆள் வேண்டியதில்லை. தண்ணீர்ப் பந்தலுக்கு எவர்சில்வர் குவளைகளும் இரண்டு பெரிய அண்டாக்களும் வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுங்கள். கோணேசர் கோவில் திருவிழாக் காலத்தில் அந்த வாடகையே நல்ல வருமானம். கேட்கிறவர்களுக்கு 2023 பட்டியலை எடுத்துக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

கடையைத் திறக்க மாதம் தேர்ந்தெடுக்க முடியுமானால் மாசி, பங்குனியில் திறங்கள். பருவக் கூட்டம் வருவதற்கு முன் கழுவுகிற கைக்கும் பரிமாறுகிற கைக்கும் பழக்கம் வந்துவிடும், கச்சான் தொடங்குவதற்குள் இலைக்காரரின் நேர்மையும் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் ஈர்க்குத் தட்டு இன்னொரு தொகுதியும், காயும் கம்பித் தட்டுக்கு மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுவிடுங்கள். வாடைக் காற்றோடு வரும் அடைமழையில் எதுவும் வெளியில் காயாது.